பொட்டு அழியாமல் பூச்சி எடுத்த கதை

“ஏலே, வண்டிய எடுத்துட்டுப் போயி யாரையும் அடிச்சுப்புட்டியா?” என்று கேட்டார் எங்கள் முதலாளி அந்தோணி அண்ணன்.

அவர் கேட்டதில் தப்பில்லை. புத்தம் புது வெள்ளைக் காரின் பானெட்டிலிருந்து ரத்தச் சிவப்பாக ஏதோ ஒழுகி, கிரில் வழியாகப் பம்பருக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நான், கையில் ஸ்ப்ரே பாட்டிலோடு, போலீசுக்குக் காத்திருப்பவன் மாதிரி நின்றிருந்தேன்.

வண்டி கழுவும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எப்படிச் செய்யக் கூடாது என்பதில் திண்டுக்கல் பைபாஸில் என் அளவுக்கு அனுபவசாலி கிடையாது.

1. குழியிலிருந்து மேலே

அதுவரை நான் குழிக்குள் நின்று லாரிகளின் அடிவயிற்றைக் கழுவுகிறவன். மேலே கார்களைத் துடைத்து மெருகேற்றும் டீட்டெய்லிங் ஷெட்டில் ஃபேன் உண்டு, பாட்டு உண்டு, கிரீஸ் கலந்த சேறு வாய்க்குள் விழாது. கெஞ்சிக் கூத்தாடி அங்கே ஏறியிருந்தேன். அன்று காலையில் அண்ணன் சொன்னார்: “இந்தா வருதுல்ல வெள்ள வண்டி, ஒட்டன்சத்திரத்துல தக்காளி மண்டி வச்சிருக்க அம்மாவோடது. அவுகளுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா மண்டி வண்டி அம்புட்டும் நம்மகிட்டதான் வரும். கெடுத்தியோ, நீயா போயி குழிக்குள்ள எறங்கிரு.”

மண்டிக்கார அம்மாவின் பெயர் சரஸ்வதி. முந்தின நாள் பழனியில் வண்டிக்குப் பூசை போட்டிருக்கிறார். திரும்பும் வழியில் நல்ல மழை. மழை விட்டதும் ஈசல். திண்டுக்கல்லில் மகள் வீட்டில் ராத்திரி தங்கியதில் எல்லாம் காய்ந்து, வண்டியின் மூஞ்சி அம்மை போட்டது போல் இருந்தது. பானெட்டின் நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் வட்டம், அதற்குள் குங்குமம்.

“ஏனுங்க தம்பி, பூச்சி ஒண்ணு இருக்கக் கூடாதுங்க. ஆனா பொட்டு மேல கை படக் கூடாது. கொடைரோட்டுல கொழுந்தனார் வீட்டுல எங்க மாமியார் இருக்கறாங்க. பழனியில பூசை போடாத வண்டிய வாசல்ல நிறுத்த உட மாட்டாங்க. பொட்டப் பாத்தாத்தான் நம்புவாங்க” என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார்.

2. சரியாகச் செய்த பகுதி (சின்னது)

பூச்சியைச் சுரண்டக் கூடாது. ஊற வைக்க வேண்டும். அது செத்த பிறகும் அதன் உடம்பில் இருக்கும் அமிலம் பெயிண்டை அரிக்கும், அதனால் நாள் கடத்தவும் கூடாது. வண்டியை நிழலில் நிறுத்தி, பானெட் சூடு ஆறியதும் தண்ணீர் அடித்து, ஷாம்பூ தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியைப் பூச்சி மேல் விரித்துவிட்டு ஒரு டீ குடிக்கலாம். திரும்பி வந்து ஒற்றி எடுத்தால் பாதிக்கு மேல் துணியோடு வந்துவிடும். வராததற்குப் பூச்சிக் கறை எடுக்கும் பக் ரிமூவர் அடித்து, காய்வதற்குள் கழுவ வேண்டும். வீட்டில் செய்கிறவர்களுக்கு, பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு ஒரு வாளித் தண்ணீரில் போதும். ஆனால் அது வாக்ஸையும் எடுத்துவிடும், பிறகு வாக்ஸ் போட வேண்டும். கம்பி நார், சபீனா, பிளேடு, மண்ணெண்ணெய் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

இதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். பொட்டைச் சுற்றிப் பேப்பர் டேப் ஒட்டி, மேலே பாலிதீன் மூடினேன். பூச்சி போய்விட்டது. டேப் ஓரமாக ஒரே ஒரு ஈசல் மட்டும் அசையவில்லை. விட்டிருக்கலாம். விட்டிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

3. கெட்டிக்காரத்தனம்

பக் ரிமூவர் தீர்ந்திருந்தது. டயருக்கும் எஞ்சினுக்கும் அடிக்கிற ஏ.பி.சி. லிக்விட் இருந்தது. அது சலவைச் சோடா மாதிரிக் காரமானது. ஒரு ஈசலுக்காக நாலு முறை அடித்தேன். ஈசல் போயிற்று. லிக்விடும் டேப்புக்கு அடியில் புகுந்தது. பாலிதீனைத் தூக்கிப் பார்த்தால் மஞ்சள் முழுக்கச் சிவப்பாகி ஒழுகக் கிளம்பிவிட்டது. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதே கணக்குதான். அண்ணன் வந்தது அப்போதுதான்.

சாம்பார் கொட்டிய சட்டையில் சோப்புப் போட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் மறுபடி மஞ்சளாகும் என்று வீட்டில் பார்த்தது ஞாபகம் வந்தது. எலுமிச்சம்பழம் வேண்டுமே என்று தேடினேன். பம்பரிலேயே மிளகாயோடு ஒன்று தொங்கியது. தொழிலில் அவசரம் வந்தால் மூளை எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. பறித்துப் பிழிந்துவிட்டேன்.

“அடப்பாவி, கண்ணேறுக்குக் கட்டுனதுடா அது” என்றார் அண்ணன்.

“நம்ம மேலயும் கண்ணு பட்டுருக்குண்ணே.”

சிவப்பு மஞ்சளாகியது. உண்மை. ஆனால் வட்டம் வட்டமாக இல்லை. கரண்டியால் கிளறிய ஆஃபாயில் மாதிரி இருந்தது. பெயிண்டில் எலுமிச்சைச் சாறு நிற்கக் கூடாது என்பதால் கழுவினேன். ஆஃபாயிலும் போயிற்று. நிமிர்ந்தால் எதிரே சரஸ்வதி அம்மா, கையில் டீ கிளாஸோடு.

4. குழிக்குப் போகும் வழியில்

பானெட்டைப் பார்த்தார். பம்பரில் மிளகாய் மட்டும் தொங்குவதைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு குழியைப் பார்த்தார். நான் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். மறைக்க எதுவும் மிச்சம் இல்லை.

அந்த அம்மா டீயை முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பழனிப் பொட்டு நேத்து மழையிலயே போயிடுச்சுங்க தம்பி. இது காத்தால நானே மக வீட்டு அஞ்சறைப் பெட்டியில இருந்து எடுத்து வெச்சதுங்க. இன்னொருக்கா வெச்சாப் போச்சு. பழத்த மட்டும் வாங்கியாங்க.”

மழையில் நனைந்து ஈசல் அப்பி வந்த வண்டியில் மஞ்சள் மட்டும் வட்டம் கலையாமல் எப்படி இருக்கும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அண்ணன் வீடு பக்கத்துத் தெருவில்தான். அங்கிருந்து மஞ்சளும் குங்குமமும் வந்தன. பழத்துக்கு நான் ஓடினேன். மாதா படம் மாட்டிய ஷெட்டில், அண்ணன் தண்ணீர் ஊற்றிக் குழைத்துக் கொடுக்க, பழனிப் பொட்டு மூன்றாவது தடவையாக வைக்கப்பட்டது.

5. மாமியார் தீர்ப்பு

அடுத்த வாரம் சரஸ்வதி அம்மா மண்டி வண்டியோடு வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

“மாமியார் நம்பிட்டாங்களாம்மா?”

“எங்கீங்க. பொட்டப் பாத்தாங்க, பழத்தப் பாத்தாங்க. அப்பறம் பம்பர் பக்கம் குனிஞ்சு, ‘மழ பேஞ்ச அன்னைக்குப் பழனியில இருந்து வந்த வண்டி மூஞ்சியில ஒரு ஈசல் கூடவா இருக்காது? நெசமாலுமே போனியா?’ன்னு கேட்டுப்போட்டாங்க. செல்போன்ல கோயில் வாசல்ல எடுத்த போட்டோவக் காட்டித்தான் உள்ள போனேன்.”

அண்ணன் சிரித்ததில் நான் ஷெட்டிலேயே இருந்துவிட்டேன். இன்றைக்கு எந்தத் துணியையும் நனைக்கும் முன் நான் கேட்கிற முதல் கேள்வி, வண்டியை யாரிடம் காட்டப் போகிறீர்கள் என்பதுதான். நீங்களும் கேளுங்கள். மாமியார் என்று பதில் வந்தால் கிரில் ஓரமாக நாலு ஈசலை விட்டுவையுங்கள். பிளாஸ்டிக் மேல் மட்டும். பெயிண்ட் மேல் வேண்டாம், அரித்துவிடும்.