எரிகிற புதர், எரியாத புதர்

“செடிய டேப் வச்சு அளக்குறதுக்கெல்லாம் இப்ப டிகிரி வேணுமாம்!” தாம்பரம் ஷேர் ஆட்டோவில் முன்சீட்டிலிருந்து வந்த குரல். பின்சீட்டில் டேப்போடு உட்கார்ந்திருந்தவள் நான்.

எந்தப் புதர் எப்படித் தீப்பிடிக்கும் என்று அளப்பது என் வேலை. குச்சி எவ்வளவு மெல்லிசு, இலையில் எவ்வளவு ஈரம், செத்த கிளையை உதிர்க்கிறதா, மடியிலேயே வைத்துக்கொள்கிறதா? தங்கள் வேலையைக் கல்யாண வீடுகளில் விளக்கத் திணறும் வாயில்லாப் பூச்சிகளே, இது உங்களுக்காக.

வெளியே பச்சை

கோவிலம்பாக்கம் பக்கம் ஒரு காலனிச் சுவருக்குப் பின்னால் சின்னக் கரடு. கோடைதோறும் அங்கே புல் எரியும் என்பதால் அளக்கப் போயிருந்தேன். புதரையெல்லாம் வெட்டிவிட காலனிச் சங்கம் முனுசாமி அண்ணனை அமர்த்தியது. உண்ணிச்செடியை விலக்கி அவருக்குக் காட்டினேன். வெளியே பச்சை, உள்ளே பென்சிலைவிட மெல்லிய காய்ந்த குச்சிகள், நடுவில் காற்று புக இடம். பக்கத்திலிருந்த களாவுக்குத் தடித்த இலை, நல்ல ஈரம், உள்ளே சருகும் குறைவு. தீ வந்தால் இது மெதுவாக்கும், இதை விட்டுவிடுங்கள் என்றேன்.

“நீ சொல்றது கரெக்டாத்தான் கீது மா. ஆனா செகரட்டரி சார் மொத்தமா மொட்டை அடின்னுட்டாரே!”

சுவரோரம்

வெட்டியதைக் குப்பை வண்டி வரும்வரை சுவரோரம் குவிப்பது அங்கே வழக்கம். பத்து நாள் வெயிலில் உண்ணிக் குவியல் மொறமொறவென்று ஆகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டர் ஷெட். நின்ற புதரைவிட இது ஆபத்து என்று செயலாளரிடம் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

“செடிய வெட்டினா தீ வராது. இதுக்கு காலேஜ் போகணுமாம்மா?”

எவர்சில்வர் தட்டு

ஞாயிற்றுக்கிழமைச் சங்கக் கூட்டத்தில், மிச்சமிருந்த களாவையும் விராலியையும் மறுநாளே வெட்டத் தீர்மானித்தார்கள். தட்டோடு எழுந்தேன். தட்டில் குவியலிலிருந்து ஒரு பிடி உண்ணி, அன்று காலை கரட்டில் பறித்த விராலி, களா. தீக்குச்சி காட்டினேன். உண்ணி நொடியில் போனது. விராலிக்குப் பிசின் இலை. பச்சையாகவே படபடத்து எரிந்தது. களா சீறிப் புகைந்து அணைந்தது. இன்னொரு குச்சி, மறுபடி அணைந்தது.

“உங்க சுவரோரம் குவிஞ்சு கிடக்கறது இதுல எது சார்?” என்றேன்.

செயலாளர் எழுந்து வந்தார். “தட்டை இப்படிக் குடும்மா.”

களாவுக்கு மூன்றாவது குச்சியை அவரே கிழித்தார். அதுவும் அணைந்தது.

ஐந்து வருடப் படிப்பு மூன்று தீக்குச்சியில் முடிந்தது.

திங்கட்கிழமை காலை, அரிவாளோடு வந்த முனுசாமி அண்ணனை விராலிப் பக்கம் அனுப்பிவிட்டு, செயலாளர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, காய்ந்த குவியலைச் சுவரைவிட்டு இழுக்க ஆரம்பித்தார்.