யோகமலர் கொடுத்த லேகியம்

என் தங்கை யோகமலர் பயப்படுவதற்கென்றே பிறந்தவள். ரொறன்ரோவின் பார்க்டேலில் அகதியாக வந்து இருந்த காலத்தில், தெருவில் தீயணைப்பு வண்டி ஊதிக்கொண்டு போனாலே கதவைப் பூட்டிவிட்டு ஒரு மூலையில் குந்திவிடுவாள். இப்போது அதே நகரின் ரூஜ் பகுதியில் சொந்த வீடு, முதியோர் இல்லச் சமையலறையில் நிரந்தர வேலை, கெட்டிக்காரியான ஒரு மகள். ஆனாலும் பயம் விடவில்லை. புருசன் 401 நெடுஞ்சாலையில் கார் ஓடினால், வீடு வந்து சேரும்வரை இவளுக்குத் தண்ணீர்கூட இறங்காது. "விசரி, சும்மா கிட" என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன்! கேட்டால்தானே.

அப்படிப்பட்டவள் வீட்டின் கீழ்த்தளத்தை, பேஸ்மென்றை, யாருக்கு வாடகைக்கு விட்டாள் என்று நினைக்கிறீர்கள்? டாரியஸ் வென்ட்லி என்ற அமெரிக்கக் கூடைப்பந்து வீரனுக்கு. பனைபோல உயரம். வந்த முதல் நாளே கூரையோடு போகும் ஹீற்றர் குழாயில் தலையை இடித்துக்கொண்டான். இவள் பதறிப்போய் ஒரு பழைய தலையணையை அந்த இடத்தில் சுற்றிக் கட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவன் இவளுக்குத் தம்பி, இவள் அவனுக்கு அன்ரி.

வீரன் என்றதும் பெரிய கோடீஸ்வரன் என்று எண்ணிவிடாதீர்கள். இளவயதில் அமெரிக்காவின் பெரிய லீக்கில் ஆடியவன்தான். இரண்டாம் வருடமே முழங்கால் போனது, அணியும் கைவிட்டது. பிறகு துருக்கி, லித்துவேனியா, பிலிப்பைன்ஸ் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய் ஆடிவிட்டு, முப்பத்திரண்டு வயதில் ரொறன்ரோவில் ஒரு சின்ன அணியில் வந்து சேர்ந்திருந்தான். பெரிய லீக்குக்குத் திரும்ப ஒரு தரமாவது போகவேண்டும். அது ஒன்றுதான் அவனுக்கு ஆசை.

குளிர் தொடங்க முழங்கால் வீங்கியது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி ஏறினான். யோகமலரால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஊரில், சங்கானையில் இருக்கும் எங்கள் ஒன்றுவிட்ட தங்கச்சி அனுப்பிய லேகியம் ஒரு ஜாம் போத்தலில் இருந்தது. அங்கே நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் கிண்டிக் கொடுத்தது, பிள்ளை பெற்ற பெண்கள் உடம்பு தேற உண்பது.

"உவன் என்ன, பிள்ளையே பெத்தவன்?" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"பெண்டுகளின்ர இடுப்பு நிமிருதெண்டால் உவன்ர முழங்கால் நிமிராதோ அக்கா?" என்றாள்.

காலையில் ஒரு கரண்டி. அவனும் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினான். வீக்கம் வற்றியது. லேகியத்தாலோ, அவன் வைத்த ஐஸாலோ, யார் கண்டது? அதன் பிறகு அவன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, பெரிய லீக்கில் ஓர் அணி அவனைக் கூப்பிட்டது. அவர்களுடைய ஆட்டக்காரர் இருவருக்குக் காயமாம், உடனே வரட்டாம். யோகமலர் சாமிப்படத்துக்குக் கற்பூரம் கொளுத்தினாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் மகள் துவாரகா சாதாரணமாகத்தான் சொன்னாள். "ட்ரக் டெஸ்ட் எடுப்பாங்கள் அம்மா. சில பிளேயர்ஸ் ஹேர்பல் மருந்து குடிச்சே சஸ்பென்ட் ஆகியிருக்கினம், யூ நோ?"

யோகமலர் சாப்பாட்டை விட்டு எழும்பினாள். எனக்குப் போன் எடுத்து அழுதாள். "அதுக்குள்ள என்ன கிடக்கெண்டு எனக்கே தெரியாது அக்கா!" சங்கானைக்கு எடுத்துக் கேட்டோம். "அது எங்கட பரம்பரை மருந்து பிள்ளை, வெளியில சொல்லேலாது" என்றார் பரியாரியார். அறுந்துபோவான்!

"நீ வாயைத் திறவாதை. ஒண்டும் வராது" என்றேன் நான்.

"வந்தால்? களவா மருந்தடிச்சவன் எண்டு அவன்ர பேரல்லோ கெட்டுப்போகும்? பிறகு ஒருத்தரும் அவனைச் சேர்க்க மாட்டினம்."

இறங்கிப் போய் அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் கட்டிலில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டான். பிறகு தானே தன் ரொறன்ரோ அணியின் மருத்துவருக்குப் போன் எடுத்தான். போத்தலைச் சோதித்து முடிவு வரும்வரை பயணம் வேண்டாம் என்றார் மருத்துவர். அமெரிக்காவிலிருந்து அவர்கள் எப்போது, எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த நாட்களில் யோகமலரைப் பார்க்கச் சகிக்கவில்லை. வேலையிடத்தில் கிழடுகளின் கஞ்சிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டு ஏச்சு வாங்கினாள். கறியை அடுப்பில் கருகவிட்டாள். விரதம் என்று சொல்லிப் பட்டினி கிடந்தாள். எனக்கும் பயம்தான், வெளியில் காட்டவில்லை.

முடிவு வந்தது. சுக்கு, மிளகு, வெந்தயம், பனங்கட்டி, நல்லெண்ணெய். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு முதல் நாளே அமெரிக்க அணி வேறொருவனை எடுத்துவிட்டது. ஆட்கள் குறைந்த அணி எத்தனை நாள் காத்திருக்கும்?

கேள்விப்பட்டதும் மார்க்கம் நகரில் இருக்கும் என் வீட்டிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்தேன். யோகமலர் பேஸ்மென்ற் படியில் இருந்தாள்.

"ஏசினவனோ?" என்று கேட்டேன்.

"ஏசியிருந்தால் தாங்கியிருப்பன் அக்கா. ஒளிக்காமல் சொன்னதுக்குத் தாங்க் யூ அன்ரி எண்டான். தாங்க் யூவாம்! பிறகு விளையாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பிறக்டிஸுக்குப் போயிட்டான்."

பக்கத்தில் இருந்து அவளுடைய கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

"திரும்பவும் கூப்பிடுவாங்களடி" என்றேன்.

"கூப்பிடாட்டி?" என்று கேட்டாள்.