எல்லாரும் டி, நான் மட்டும் சி

பிளாஸ்டிக் ஊதுவாயில் புது வாளியின் வாசம் அடிக்கும். நாக்கில் லேசாகத் தகரக் கைப்பு. லாக்டவுன் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த ருசிதான்...

பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். கீழே வீட்டுக்கார அக்காவின் தறிகள். பட்டு நூல் வரத்து நின்றதும் தறியும் நின்றுவிட்டது. விடிந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம் போனபிறகு, என் ஃபேன் சுற்றுவதே பெரிய சத்தமாக இருந்தது.

அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரும் தென்னேரியில். பக்கத்து ஊர்தான். ஆனால் அண்ணன் போனில் சொல்லிவிட்டான்.

"நீ மெட்ராஸு வேலைக்குப் போய் வந்துக்கினு இருந்தவன். இப்ப இங்க வராதபா. அப்பாவுக்கு மூச்சு வாங்கிக்கினே இருக்குது."

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

அப்போது எனக்கு ஓர் அயர்லாந்து கம்பெனிக்கான கஸ்டமர் சப்போர்ட் வேலை. அழைப்பை வேறு டிபார்ட்மென்டுக்கு மாற்றும்போது நாங்களும் ஹோல்டில் கிடப்போம். அந்த நேரத்தில் ஒரு குழல் மெட்டு ஓடும். கஸ்டமர்கள் அதைக் கேட்டுக் கேட்டே கடுப்பாகி எங்களை வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். எனக்கு என்னவோ அது பிடித்துப்போனது. அந்தக் குழலின் பெயர் டின் விசில் என்று தேடிக் கண்டுபிடித்து, ஆன்லைனில் இருப்பதிலேயே மலிவானதை வாங்கினேன். தகரக் குழல், ஆறு ஓட்டை, அவ்வளவுதான் சமாசாரம்.

"விசில் வாங்கியிருக்கேன்க்கா" என்றதற்கு, "எத்தினி லிட்டர் குக்கருபா?" என்றார் வீட்டுக்கார அக்கா.

வீடியோ பார்த்துப் பழகினேன். தனியாக ஊதினால் நன்றாகத்தான் இருக்கும். வீடியோவோடு சேர்ந்து ஊதினால் மட்டும் சேரவே சேராது. அக்கா மாடிப்படியில் நின்று கத்துவார்: "தம்பி, அது ஒரு பக்கம் போவுது, நீ ஒரு பக்கம் போற. ஒண்ணு நீ ஊது, இல்லாட்டி அத ஊத வுடு!"

எனக்குத்தான் மூச்சு போதவில்லை என்று நினைத்து, மொட்டைமாடியில் நின்று மூச்சுப்பயிற்சியெல்லாம் செய்தேன். சிரிக்காதீர்கள்.

பிறகு ஒரு கூட்டம் அகப்பட்டது. அயர்லாந்தில் பப்புகள் மூடிக் கிடந்ததால், அங்கே கூடி வாசித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூமில் கூடினார்கள். அவர்களுக்கு மதியம், நமக்கு விளக்கு வைக்கிற நேரம். நெட் தாமதத்தில் எல்லாரும் ஒன்றாக வாசித்தால் சந்தைக்கடை ஆகிவிடும். அதனால் ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் மியூட்டில் இருந்துகொண்டு கூடவே வாசிப்பார்கள்.

நான் அங்கே ஒப்புக்குச் சப்பாணி. ஊதினால் சேராது என்று தெரியும், அதனால் விரலை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பேன். ஆனாலும் வாராவாரம் போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... யாராவது ஒருத்தர் என்கூடச் சேர்ந்து வாசிக்க மாட்டார்களா என்று அவ்வளவு ஏக்கமாக இருந்தது.

ஒரு ஞாயிறு, கூட்டத்தை நடத்துகிறவர் என்னை வாசிக்கச் சொன்னார். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது அந்த ஹோல்டு மெட்டு ஒன்றுதான். ஆரம்பித்தேன். எல்லாக் கட்டங்களிலும் விசிலை, ஃபிடிலைத் தூக்கினார்கள். கொஞ்சம் முயன்று பார்த்துவிட்டு, ஒவ்வொருவராகக் கீழே வைத்துவிட்டார்கள். கோபமில்லை, மரியாதையாகச் சிரித்தபடிதான். அதுதான் இன்னும் வலித்தது.

நோரா என்று ஒரு வயதான அம்மா. எப்போதும் தன் சமையலறையில் உட்கார்ந்திருப்பார். அவரும் எழுந்து போய்விட்டார். கட்டத்தில் வெறும் நாற்காலி. டீ போடப் போய்விட்டார் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது. நிறுத்தவும் கூச்சமாக இருந்ததால், மெட்டை மறுபடியும் முதலிலிருந்து பிடித்தேன்.

அவர் திரும்பி வந்தார். கையில் வேறொரு விசில், முந்தையதைவிடக் கொஞ்சம் நீளம். உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஊத ஆரம்பித்தார். சத்தம் எனக்கு வராது. ஆனால் என் விரல் போன இடத்துக்கெல்லாம் அவர் விரலும் வந்தது, நெட் தாமதத்தில் ஒரு கணம் பின்னால்...

முடிந்ததும் சாட்டில் எழுதினார். உன் விசில் சி சுருதி, எங்களுடையது டி, உன்மேல் தப்பில்லை என்று. அங்கே ஃபிடிலுக்கும் மற்றதற்கும் விரல் சுலபமாக விழுவது டியிலும் ஜியிலும்தானாம். அதனால் விசில்காரர்களும் டியையே பிடித்துக்கொள்கிறார்களாம். நம் ஊர்க் கச்சேரிக் கணக்கில் அவர்கள் இரண்டு கட்டை, நான் ஒரு கட்டை. சேராமல் போனதில் அதிசயமே இல்லை.

கடைசியாக ஒரு வரி சேர்த்திருந்தார். வீட்டில் தனியாக இருக்கும்போது அவருக்கும் சிதான் பிடிக்குமாம், அதன் குரல் மெத்தென்று இருக்குமாம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எனக்கென்று ஒரு மெட்டு. நோரா எழுந்து போய் அந்த சி விசிலை எடுத்து வருவார். அந்த எழுந்து போகிற நேரத்துக்காகத்தான் நான் வாரம் முழுக்கக் கஸ்டமர்களிடம் திட்டு வாங்கினேன்.

பப்புகளைத் திறந்தார்கள். இந்தப் பக்கம் வந்தால் எட்டிப் பார் என்றார்கள். நோரா கை அசைத்தார். அடுத்த ஞாயிறும் அந்த லிங்கைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை.

இப்போது தெருவில் தறி ஓடுகிறது. அப்பா தேறிவிட்டார், நானும் ஊருக்குப் போய் வருகிறேன். நல்லதாக ஒரு டி விசில் வாங்கியிருக்கிறேன். பெரிய பெரிய ஆட்களின் ரெக்கார்டிங்கைப் போட்டுக் கூடவே வாசித்தால் அச்சாகப் பொருந்துகிறது. "இப்ப நல்லா தேறிட்டபா" என்கிறார் அக்கா.

தேறிவிட்டேன்தான். ஆனால் நடுவில் நான் ஊதுவதை நிறுத்திவிட்டாலும், ரெக்கார்டிங் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.