ஏடு படிந்த காபி

வைத்திக்குப்பத்துத் தனம் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்க உட்கார்ந்து இருபத்தாறு வருடமாகிறது. ஐம்பத்திரண்டு வயதில் புதிதாக ஒரு பாஷை படிப்பாய் என்று யாராவது சொல்லியிருந்தால், அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்காமலே, வேலையைப் பார் என்றிருப்பாள். ஆனால் ஆழ்கடலில் டூரிஸ்டுகளை முங்க வைக்கும் வேலைக்காகப் பாலித்தீவுக்குப் போன மகன் பாலகுரு, அங்கே காடெக் என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு, கட்டினால் அவளைத்தான் என்று நின்றான். புதுச்சேரிக்கே திரும்பி வந்து குடித்தனம் நடத்துவதாகத் திட்டம். பெண்ணின் அம்மா வயான், வீட்டைக் கண்ணால் பார்க்காமல் மகளை இத்தனை தூரம் அனுப்ப மாட்டேன் என்றுவிட்டாள். தனத்துக்கு அதில் கோபமில்லை. அந்த இடத்தில் தான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

வயான் வீடு பார்க்க வருவதற்குள் பேசிப் பழகிவிட வேண்டும் என்று, நாலு மாதம் போனில் வீடியோ பார்த்து அந்த ஊர்ப் பாஷையைப் படித்தாள். கிழித்த தேதித் தாள்களின் பின்பக்கம் தமிழெழுத்திலேயே எழுதித் தராசுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இக்கான் என்றால் மீன். தெங்கிரி என்றால் வஞ்சிரம். மாக்கான் என்றால் சாப்பிடுவது. பக்கத்துக் கடை வினோதா, சங்கரா மீனுக்கெல்லாம் பாடம் நடத்துகிறாயா அக்கா என்று சீண்டுவாள். அந்த ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்ததும், 'சுடா மாக்கான்?' என்று கேட்பார்களாம். சாப்பிட்டாயா என்று அர்த்தம். அதைப் படித்த அன்று தனத்துக்குப் பாதி பயம் போய்விட்டது. சாப்பிட்டாயா என்று கேட்கிற சனம் கெட்ட சனமாக இருக்க முடியாது என்பது அவள் கட்சி. விருந்தாளி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற பாடத்தை மட்டும் தள்ளிவிட்டாள். விருந்தாளியைக் கவனிக்கத் தனத்துக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

மீதிப் பாதி பயம் கையில் இருந்தது. டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அந்த அம்மாளும் அப்படிப் போய்விட்டால் பிள்ளையின் வாழ்க்கை தன் கையாலேயே கெட்டதாகிவிடும் என்று உள்ளுக்குள் நடுங்கினாள். வயான் வருவதற்கு முன் இரண்டு நாள் மார்க்கெட்டுக்கே போகவில்லை. புளி, எலுமிச்சைத் தோல், ஷாம்பு என்று எல்லாம் போட்டுத் தேய்த்தாள். தேய்த்து என்ன பயன்? அவள் வந்த அன்று காலையில் குழம்புக்கு வஞ்சிரத்தைத் தனம்தானே நறுக்க வேண்டியிருந்தது.

பாலகுரு வயானை அழைத்துவந்து உட்கார வைத்துவிட்டு, பெட்டிகளை லாட்ஜில் போட்டு வரப் போனான். தனம் காபியும் அதிரசமும் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிடுகிறவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, வயிறு வலிக்கும் என்று வளர்ந்தவள். அதனால் மரியாதையாக அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பத்து நிமிடம் கழித்து எட்டிப்பார்த்தாள். டம்ளர் அப்படியே இருந்தது. இன்னும் பத்து நிமிடம் போயிற்று. காபியில் ஏடு படிந்துவிட்டது. வயான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். தனத்துக்கு ரோஷம் வந்தது. வெளியே வந்து இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். அந்தப் பாஷையில் தட்டுத்தடுமாறி, நான் மீன் விற்கிறவள், என் கையில் மீன் நாறுகிறது, பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடுங்கள் என்றாள்.

வயான் திகைத்துப்போனாள்.

"சாயா துங்கு இபு," என்றாள் மெதுவாக.

உங்களுக்காகத்தான் காத்திருக்கிறேன் அம்மா. அது தனத்துக்கு விளங்கியது. வயான் டம்ளரைக் காட்டினாள், தன் வாயைக் காட்டினாள், பிறகு உள்ளங்கையை நீட்டி ஒருவரை உபசரிப்பதுபோலச் செய்து காட்டினாள். அவர்கள் ஊரில் வீட்டுக்காரர் எதிரில் இருந்து, எடுத்துக்கொள்ளுங்கள், 'சிலாக்கான்' என்று சொல்லாமல் விருந்தாளி தண்ணீரைக்கூடத் தொட மாட்டார். தனம் தள்ளிவிட்ட பாடத்தில் இருந்ததே அதுதான்.

"சிலாக்கான்," என்றாள் தனம். வேறு காபி போட்டுத் தரலாமென்று டம்ளரை எடுக்கப் போனாள். அதற்குள் வயான் அதை எடுத்து, ஏட்டோடு சேர்த்து முழுவதையும் குடித்து முடித்தாள். பிறகு தனத்தின் வலது கையைப் பிடித்துத் தன் மூக்கருகே கொண்டுபோனாள். தனம் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், அவள் விடவில்லை. ஒருமுறை நன்றாக முகர்ந்துவிட்டு ஏதோ கேட்டாள். தனம் பதில் சொன்னாள்.

பாலகுரு பதறிக்கொண்டு வந்து சேர்ந்தபோது இரண்டு பேரும் தரையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வயான் நிமிர்ந்து பார்த்து, கல்யாணத்துக்கு இந்த ஊரில் எந்த மாதம் நல்ல மாதம் என்று அவனிடம் கேட்டாள். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அம்மாவிடம் திரும்பி, நான் போனப்புறம் இவங்க உன்கிட்ட என்னதான் கேட்டாங்க என்றான்.

"கைய மோந்து பாத்துட்டு, இன்னா மீனுன்னு கேட்டாங்கடா," என்றாள் தனம். "வஞ்சிரம்னு சொன்னேன்."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கையை முகர்ந்தவர்கள் யாரும் இருபத்தாறு வருடத்தில் அதைக் கேட்டதில்லை.