பழைய மேப்பில் ஒரு வெள்ளைத் திட்டு

சிலிம் ரிவர் பக்கம் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தை வீட்டுமனைக்கு வாங்கிய கம்பெனி, அங்கே இடுகாடே இருந்ததில்லை என்று எழுதி அனுப்பியது. படித்ததும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் அம்மாவை அங்கேதான் புதைத்தோம்.

எந்த இடத்தில் என்று கேட்டால்தான் சிக்கல். தப்பு எங்கள் மேலும் இருக்கிறது. பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்துப் பிழைத்தவர்கள் நாங்கள். எதற்கும் மரத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வோம். அன்றைக்கு அப்பா கல் நடவில்லை. "ஓரத்து நெரையில, ஓடையிலேர்ந்து ஒம்பதாவது மரத்துக்கு நேரா" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். பிறகு ரப்பரை அழித்தார்கள். இடுகாட்டின் மேலேயே எண்ணெய்க்காகச் செம்பனையை நட்டார்கள். நிரையும் போச்சு, ஓரமும் போச்சு.

நான் வேலை பார்க்கும் கையுறை ஆலையில் லீவு போட்டுவிட்டு, ஈப்போவில் இருந்த கம்பெனி ஆபீசுக்குப் போனேன். மேசையில் இருந்தவர் தமிழர்தான், என் தம்பி வயது. வெள்ளைக்காரன் காலத்து மேப்பின் நகலை விரித்தார். மேடு பள்ளம் காட்டும் கோடுகள் பழுப்பு, ஓடை நீலம், ரப்பர் முழுக்கப் பச்சை. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் கறுப்புக் கட்டங்கள். அதில் ஒன்றில்தான் நான் பிறந்தேன்.

"பாருங்கக்கா, கோயில் போட்டிருக்கான், லயம் போட்டிருக்கான். இடுகாடுன்னு எங்கயும் இல்ல லா."

ஓடை வளைவில் விரலை வைத்தேன். பச்சைக்கு நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு.

"இது என்னா?"

"அது கோசோங்க்கா. ஒண்ணுமில்லாத எடம்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "தம்பி, லயத்து வாசப்படி வரைக்கும் ரப்பர் நட்டவன், இவ்ளோ நல்ல நெலத்தைச் சும்மா விட்டுருவானா? யாருக்கு விட்டான்? சொல்லுங்க, கேக்குறேன்."



"மேல கேட்டுச் சொல்றேன்க்கா."

கேட்கட்டும். மேப்பை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு, பழைய தோட்டத்து ஆட்கள் பதினாலு பேர் பாராங் கத்தியும் முள்கம்பியுமாகப் போனோம். நல்லவேளை, ஓடை மட்டும் அதே வளைவில் ஓடியது. "ஒங்கம்மா எடத்த மட்டும் அடைச்சுக்கலாமே" என்று யாரோ கேட்டார்கள். அது எதுவென்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. அது வலிக்கத்தான் செய்கிறது.

அதனால் வெள்ளை முழுவதையும் வளைத்து வேலி போட்டோம். இனி உள்ளே எவன் எங்கே மண்ணைத் தோண்டினாலும், அது என் அம்மாவைத் தோண்டுவதுதான்.