ஒரே தம்ளரில் இரண்டு மருந்து

கண் ஆஸ்பத்திரியை விட்டு நடந்துகொண்டிருக்கிறோம். மாடசாமி அண்ணாச்சி என் தோளைப் பிடித்திருக்கிறார். கண்ணில் புரை முற்றிவிட்டது. இன்றைக்கு ஆபரேஷன் நடந்திருக்க வேண்டும். "பிரஷர் இறங்கட்டும், பிறகு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். போன தடவையும் இதே பதில்தான்.

"ஏலே, மாத்திரைய ஒரு நாளும் விட்டது இல்ல பாத்துக்க. பின்ன ஏன் இறங்க மாட்டேங்கு?"

எனக்கென்ன தெரியும்? எட்டாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவன். ஓட்டல், லாரி, செங்கல் சூளை என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தவன். சங்கரன்கோவிலில் வந்து இறங்கும்போதெல்லாம் எனக்குப் பாய் விரிப்பது அண்ணாச்சி வீட்டில்தான்.

அவர் விசைத்தறி ஓட்டுகிறார். இழை அறுந்தால் உடனே கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் சேலை பாழ். இந்த மாதம் பார்ப்பேன், பிறகு வேறு ஆளை நிறுத்திவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆபரேஷன் இல்லையென்றால் தறி இல்லை. தறி இல்லையென்றால் அடுப்பு எரியாது.

பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுதீங்களா?"

"இல்லம்மா."

"நெஞ்செரிச்சலுக்கு?"

"அது மருந்தா? நுரைக்குமே, அந்த உப்புத்தூளுதான். அத தண்ணியில கலக்கி, மாத்திரைய வாயில போட்டு, ஒரே மடக்கு."

"ரெண்டையும் சேத்தா?"

"ஓடுத தறிய விட்டுட்டு எத்தன தடவம்மா எந்திரிக்க முடியும்? டீக்கு நிறுத்துத நேரத்துல எல்லாத்தையும் முடிச்சிருவோம். எங்க தறிக்கூடத்துல அம்புட்டுப் பேரும் அப்படித்தான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தத் தூள்ல சோடியம் நிறைய இருக்கு அண்ணாச்சி. மாத்திரை பிரஷரை இறக்கப் பாக்கு, தூளு ஏத்திவிடுது. இன்னும் சில நெஞ்செரிச்சல் மருந்து, சில பிரஷர் மாத்திரைய உடம்புல சரியா சேரவே விடாது. எது சாப்பிட்டாலும் எங்கிட்ட சொல்லிரணும். அதுக்காக பிரஷர் மாத்திரைய நீங்களா நிறுத்திராதீங்க."

தூளை நிறுத்தச் சொன்னார். எரிச்சலுக்கு வேறு மாத்திரை எழுதி, எதை எப்போது போட வேண்டும் என்றும் விளக்கினார். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம், இறங்கியிருந்தால் ஆபரேஷன்.

யோசித்துப் பாருங்கள்... அண்ணாச்சி எதையும் மறைக்கவில்லை. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குவதை யார்தான் மருந்து என்று நினைக்கிறோம்?

வீட்டில் அண்ணாச்சியின் மனைவி செல்லம்மா மதினிக்கு வேறு சந்தேகம். "நான்தான் காரமில்லாம, உப்பில்லாம ஆக்கி அனுப்புதேன். அத தின்னா நெஞ்சு எப்படி எரியும்?"

அண்ணாச்சி விட்டத்தைப் பார்த்தார்.

"தூக்குவாளி காலியாத்தான வருது?"

"கூடத்து வாசல்ல ஒரு நாயி கெடக்கு செல்லம்மா. அதுக்கு பிரஷரே இல்ல."

விஷயம் வெளியே வந்தது. பிரஷருக்காக உப்பில்லாத சோறு. அது தொண்டையில் இறங்காததால் பரோட்டாவும் சால்னாவும். சால்னா எரிந்தால் உப்புத்தூள். வீட்டில் மதினி பார்த்துப் பார்த்துக் குறைத்த உப்பு, நுரைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது!

மதினி கோபப்படுவார் என்று நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீரு இப்போ சும்மாதான இருக்கீரு?"

மறுநாள் காலை தறிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அறுந்த இழையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மதியம் அண்ணாச்சி சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தை விட்டு நகரக் கூடாது. கூலி — மதினி வைத்த அதே உப்பில்லாத குழம்பு, இரண்டு ஆளுக்கு.