நீர்ச்சுண்டிக்கு வெயில் வேண்டும்

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தபோது என் மனைவிக்கு விரல் நுனிகளில் உணர்வே இல்லாமல் போயிருந்தது. தம்ளரைப் பிடித்திருப்பதாக நினைப்பாள்; அது தரையில் கிடக்கும். உணர்வு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அந்த நாள்களில்தான் கிள்ளான் காலைச் சந்தையில் ஒரு கட்டு நீர்ச்சுண்டிக் கீரை வாங்கி வந்தேன். தொட்டாற்சுருங்கியின் இனம், தண்ணீரில் மிதந்து படரும். தண்டைச் சுற்றிப் பஞ்சுபோல ஒரு வெள்ளை உறை, அதுதான் மிதவை. கணுக்களில் வேர் தொங்குவதை அவள் பார்த்துவிட்டாள்.

"இத சமைக்க வேணாங்க. வளர்ப்போம்."

பல மாதங்களில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். பின்கட்டு நிழலில் பிளாஸ்டிக் தொட்டி வைத்து, கொசுவுக்குப் பயந்து தினமும் குழாய்த் தண்ணீரை மாற்றினேன். பத்தே நாளில் இலைகள் மஞ்சளாகி, தண்டு கொழகொழத்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை; மறுபடியும் சந்தைக்குப் போனேன்.

கீரை விற்ற அக்கா பக்கத்து ஊரான பந்திங்கில் குட்டை வைத்திருப்பவர். நான் சொன்னதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"தினம் தண்ணி மாத்தினா அது எப்படி அங்கிள் வேர் பிடிக்கும்? அடியில சேறு போடுங்க. தண்ணி அசையாம நிக்கணும். நல்லா வெயில் படணும். கொசுவுக்கு நாலு கப்பி மீன் விடுங்க, போதும் லா."

வேரோடு புதுத் தண்டுகளையும் கொடுத்தார். எங்கள் வீட்டில் நாள் முழுக்க வெயில் விழும் ஒரே இடம் வாசலில் கார் நிற்கும் இடம். காரைத் தெருவுக்கு அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் துளிர் விட்டது. காலையில் முக்காலி போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ஒவ்வோர் இலையாகத் தொடுவாள், இலை மூடிக்கொள்ளும்.

"எனக்குத்தான் ஒண்ணும் தெரியல. நான் தொடுறது அதுக்குத் தெரியுது, பாருங்க," என்று சிரித்தாள். அடுப்பைப் பார்க்கப் போவதுபோல உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, "இங்க வாங்களேன்!" என்று கத்தினாள். விழுந்துவிட்டாளோ என்று ஓடினேன். மணிக்கட்டுவரை தொட்டிக்குள் கையை விட்டிருந்தாள்.

"மீன் கடிக்குதுங்க. இந்த ரெண்டு விரல்லயும் தெரியுது."

மற்ற விரல்கள் இன்றுவரை அப்படியேதான் இருக்கின்றன. அன்று மதியம் ஒரு பிடி கீரை வெட்டி, பெலாச்சான் என்கிற இறால் விழுது போட்டு அவளே பிரட்டினாள். உப்பு கொஞ்சம் தூக்கல். இருவரும் சட்டியில் மிச்சம் வைக்கவில்லை.